விலையைக் கேட்டேன், பிளக் பாயின்ட்டை மறந்தேன்



ஆடி இ-ட்ரான் வாங்கும்போது விலை, கலர் எல்லாம் கேட்டேன். எங்கே சார்ஜ் போடுவது என்று யோசிக்கவில்லை. பேட்டரி 95 யூனிட். பார்க்கிங்கில் இருந்த 15 ஆம்பியர் பாயின்ட்டில் முழுதாக ஏற 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது பொது மீட்டரில் ஓடுகிறது என்பது பில் வந்தபிறகுதான் தெரிந்தது. மூன்றாம் மாடி மாமி லிஃப்டில் கேட்டார்: "உங்க காருக்கு நாங்களும் சேர்ந்தா பெட்ரோல் போடறோம்?" பணத்தைக் கட்டிவிட்டேன். வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது லோடு கூட்டி, என் மீட்டரிலிருந்தே தனி கேபிள், 11 கிலோவாட் சார்ஜர். சுமார் 9 மணி நேரம், ராத்திரியோடு முடிந்தது.

முன்பணம் கொடுக்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை தூரத்தை அளந்துவிடுங்கள். நம் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். யார் யார் வாங்கப்போகிறீர்கள் என்று செயலாளரிடம் இன்றே சொல்லிவிட்டுப் போங்கள்.