உப்பும் உரிமையும்



மலையேறி உழைப்போரை இரத்த அழுத்தம் அணுகாது என்றெண்ணுவது பிழை. மேலளவு 140, கீழளவு 90 ஐ எட்டிய பின்னும் உடல் பெரும்பாலும் வலியால் எச்சரிப்பதில்லை. இதயமும் சிறுநீரகமும் பழுதுற்ற பின்னரே பலர் விழிக்கின்றனர்.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவே. தேநீரிலும் உப்பிட்டுப் பருகும் அசாம் தோட்டத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் லயத்து அடுப்பில் அவ்வுப்பு கருவாடாகவும் சம்பலாகவும் வருகின்றது. அதனைக் குறைப்போம், புகையிலையையும் மதுவையும் விலக்குவோம்.

ஆயினும், நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் தாய் அழுத்தம் அளக்க ஆஸ்பத்திரி சென்றால் அன்றைய பேர் போகின்றது. பேர் இழவாமல் சோதித்துக்கொள்ளும் நாளைக் கோருவோம். உப்பைக் குறைப்பது நம் கடமை. அந்த நாளைப் பெறுவது நம் உரிமை!