கொடுத்தும் குறையாத தானம்

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த காலத்தில், வறுமையும் நெரிசலும் மலிந்திருந்த ஜப்பானிய நகரங்களில், சீதபேதி வெகுவாகப் பரவியிருந்தது. அதற்குக் காரணமான கிருமியை 1897-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் அந்நாட்டவரான கியோஷி ஷிகா. அதனாலேயே அக்கிருமிக்கு ஷிகெல்லா என்று பெயர். சல்ஃபா மருந்துகள் கைக்கு வந்தபோது வைத்தியர்களுக்கு உண்டான ஆறுதல் சில வருஷங்களே நீடித்தது. அம்மருந்துக்கு மடியாத ஷிகெல்லாவே எங்கும் மிகுந்துவிட, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிக்கால் முதலிய புதிய ஔஷதங்களை அவர்கள் நாட வேண்டியதாயிற்று.

இதுவரையில் வியப்பதற்கு அதிகமில்லை. கோடிக்கணக்காகப் பெருகும் கிருமிகளுள் ஏதோ ஒன்று, பரம்பரைச் செய்தியைப் பிரதியெடுக்கையில் நேரும் சிறு பிழையினால், மருந்தைத் தாங்கும் சுபாவத்தைத் தற்செயலாக அடைகிறது. மருந்து மற்றவற்றை மாய்த்து இடத்தைக் காலி செய்துகொடுக்க, அந்த ஒன்றின் சந்ததியே செழிக்கிறது.

ஆனால், 1950-களின் நடுவிலிருந்து ஜப்பானிய ஆஸ்பத்திரிகளில் தென்பட்ட ஷிகெல்லா, மேற்சொன்ன நான்கு மருந்துகளையும் ஒருங்கே எதிர்த்து நின்றது. ஒரு பிழை நேர்வதே அபூர்வமாயிருக்க, நான்கு பிழைகள் ஒரே கிருமியில் ஒருசேர நேர்ந்தன என்று எந்தக் கணக்கைக் கொண்டு நம்புவது? அதிலும் விசித்திரம், ஒரே மருந்தை உண்ட நோயாளியிடமும் நான்கையும் எதிர்க்கும் கிருமி காணப்பட்டதுதான். அத்தகைய நோயாளிகளின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ. கோலை என்ற வேறு இனத்துப் பாக்டீரியாவைச் சோதித்தால், அதற்கும் அதே நான்கு எதிர்ப்புகள் இருந்தன.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான அகிபா, ஓச்சியாய் ஆகியோர் 1959-இல் செய்த பரிசோதனைகள் இந்தப் புதிரை அவிழ்த்தன. எதிர்ப்புள்ள ஈ. கோலையையும், எதிர்ப்பில்லாத ஷிகெல்லாவையும் ஒரே குழம்பில் கலந்து வளரவிட்டு, பிறகு மருந்து கலந்த தட்டில் பரப்பிப் பார்ப்பதுதான் முறை. பால் சர்க்கரையும் சாயமும் சேர்த்த தட்டானால், சர்க்கரையைப் புளிக்கச்செய்யும் ஈ. கோலை சிவந்த பொட்டுகளாக வளரும். அது செய்யாத ஷிகெல்லா வெளிறிய பொட்டுகளாகவே நிற்கும். மருந்தில் மாண்டிருக்க வேண்டிய அந்த வெளிறிய பொட்டுகள் உயிரோடு வளர்ந்திருந்தன; ஈ. கோலையின் எதிர்ப்பு ஷிகெல்லாவுக்குக் கைமாறியிருந்தது. கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறுங்குழம்பினால் இந்த மாற்றம் உண்டாகவில்லை. உடலோடு உடல் தீண்டினாலன்றி அது நிகழ்வதில்லை.

இவ்வாறு கைமாறுவது, கிருமியின் பிரதான மரபிழைக்குப் புறம்பே வளையமாகச் சுழன்றிருக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு. நான்கு மருந்துகளையும் வெல்லும் உபாயங்கள் அந்த ஒரே வளையத்தில் அடுத்தடுத்துக் கோக்கப்பட்டுள்ளன. கொடுக்கும் கிருமி அதன் பிரதியொன்றை வழங்கிவிட்டு, தன்னுடையதைத் தானே வைத்துக்கொள்கிறது; பெற்றதோ உடனே அடுத்ததற்குக் கொடுக்கத் தகுதி அடைகிறது. நம்மைப்போல் மக்களுக்கு மட்டுமே சொத்தை விட்டுச்செல்லும் கட்டுப்பாடு அவற்றுக்கில்லை என்பது, எனக்கு இன்றும் சற்றுப் பொறாமையோடு கூடிய ஆச்சரியத்தையே தருகிறது.

டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்து சுதோமு வத்தனாபே, 1963-இல் இந்த ஆராய்ச்சிகளை ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய பிறகே மேல்நாட்டார் பெரும்பாலும் இதைக் கருத்தூன்றிக் கவனித்தார்கள். அதற்குள் வைத்தியர்களுக்கு ஒரு தொல்லை தெளிவாகியிருந்தது: நான்கு எதிர்ப்புகளும் ஒரே வளையத்தில் அமைந்திருப்பதால், அவற்றுள் மூன்று மருந்துகளை அடியோடு நிறுத்திவைத்தாலும், நான்காவதை வழங்கிக்கொண்டிருக்கும் வரையில், அந்த ஒன்றே மற்ற மூன்றின் எதிர்ப்பையும் சேர்த்துக் காப்பாற்றி வந்தது.