பஸ் வேண்டும், புகை வேண்டாம்
(திருக்கோவிலில் ஆற்றிய உரை)



பஸ்ஸின் புகையைப் பற்றிப் பேச வந்தவன் பஸ்ஸுக்கு விரோதி என்று எவரும் எண்ண வேண்டாம். அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் செல்லும் ஏழைக் கமக்காரனுக்கு அதுவே வாகனம். அதில் ஏறும் 50 பேரும் தத்தம் கார்களில் புறப்பட்டால் எரியும் எண்ணெய் பல மடங்காகும். ஆனால் பயணத்தின் பயன் எல்லோருக்கும், நஞ்சு மட்டும் தரிப்பிடத்தருகே குடியிருப்போருக்கு என்றால், அது என்ன நியாயம்?

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் திட்டமாக அறிவித்துவிட்டது. டில்லி நகர பஸ்கள் யாவும் இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 1998இல் கட்டளையிட்டது. தவணைகள் கேட்கப்பட்டன, சில கொடுக்கவும்பட்டன. எனினும் 2002 முடிவதற்குள் அது நிறைவேறியது.

நம் நாட்டிலும் அதே 1998இல் சட்டத்தரணி லாலநாத் டி சில்வா உயர் நீதிமன்றம் சென்றார். சுற்றாடல் சட்டமோ 1980இலேயே வந்துவிட்டது. வாகனப் புகைக்கு அளவு விதிக்கும் ஒழுங்குவிதிகள் அவ்வழக்கின் பின்னரே, 2000இல் பிறந்தன. இருபது ஆண்டுகள், ஐயா! பரிசோதனை தொடங்குவதற்கு 2008 ஆயிற்று.

இன்று சொந்த வாகனக்காரன் புகைச் சான்றிதழின்றி வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. அதே விதி அரச பஸ்ஸை எவ்வளவு கண்டிப்பாகத் தொடுகிறது? இதைக் கேட்க ஊர்வலம் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போதும். நம் வீதியில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, பெறுபேறு என்ன என்று கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். எழுதுவதற்குத் தயங்குவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், கட்டணம் கேட்கமாட்டேன்.