பொண்ணுங்களை மைதானத்துக்கு அனுப்புங்க
(சேந்தமங்கலத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கு எல்லாம் பார்த்தாச்சு. இன்னைக்கு நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் கபடி, கோ-கோ பற்றிப் பேசலாம். கூட்டத்தில் பேசற விஷயமா இதுன்னு நினைக்க வேண்டாம்.

சின்ன வகுப்பில் பையனுக்குச் சமமா ஓடுற பொண்ணு, வயசுக்கு வந்ததும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். நிறுத்துவது பள்ளிக்கூடம் இல்லை, வீடு. "கை கால் ஒடிஞ்சா யாரு கட்டிக்குவா?", "அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஆடறதா?" இந்தப் பேச்சைக் கேட்காத வீடு நம்ம ஊரில் இருக்குங்களா?

செலவு என்று பார்த்தால் இந்த ஆட்டங்களுக்கு ஒண்ணுமே இல்லை. கோ-கோவுக்கு இரண்டு கம்பம் போதும். எட்டுப் பேர் வரிசையில் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் பார்த்து உட்காரணும். துரத்துகிறவள் திரும்பி ஓடக்கூடாது. உட்கார்ந்திருப்பவள் முதுகில் தட்டி 'கோ' சொல்லித் தன் வேலையை அவளிடம் ஒப்படைக்கணும். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் இருந்தால் போதும், ஒரு நெல்லுக்களம்தான். சடுகுடுன்னு நாம் பார்த்த அதே ஆட்டம். அவுட் ஆனவள் அதோடு போய்விடுவதில்லை. கூட ஆடுகிறவள் எதிரணியில் ஒருத்தியை அவுட் ஆக்கினால் இவள் மறுபடி உள்ளே வரலாம். நமக்கு ரொம்பப் பிடிச்ச விதி இதுதான்.

ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடியை 1990-லேயே சேர்த்துவிட்டார்கள். பெண்கள் 20 வருஷம் காத்திருந்தார்கள். 2010-ல் முதல்முறை சேர்த்தபோதே நம்ம நாட்டுப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2014-லும் தங்கம். 2018-ல் ஈரானிடம் தோற்றார்கள். 2023-ல் சீனாவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தங்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கோ-கோவில் முதல் உலகக் கோப்பை 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்தது. அதையும் நம்ம பெண்கள்தான் ஜெயித்தார்கள்.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை டிவியில் பார்த்திருப்பீங்க. குடிசைகளை அகற்றி மக்களைக் குடிவைத்த இடம் அது. அங்கிருந்து போன பொண்ணு 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்றாள். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. ஆடினவங்க எல்லாருக்கும் வேலை கிடைச்சுடும்னு ஆசை காட்ட மாட்டோம். பெரிய போட்டிகளில் ஜெயித்த சான்றிதழ் வேணும். வேலை கிடைக்காவிட்டாலும், கீழே விழுந்து எழுந்து ஆடிப் பழகின பொண்ணு நாலு பேர் முன்னால் பயப்படாமல் பேசுவாள். குழுவுக்கு வந்த புதுசில் கையெழுத்துப் போடவே கூச்சப்பட்ட நமக்கு அதோட அருமை தெரியும்.

மலைக்குப் போற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பயிற்சி என்றால் பஸ் போய்விடும். அதனால் காலையில் வைக்கச் சொல்லிக் கேட்போம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் உறுப்பினர்கள் இன்னும் இரண்டையும் கேளுங்க: விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுக்கக் கூடாது, பொண்ணுங்க உடை மாற்ற ஒரு அறை வேணும். வீட்டில் கேழ்வரகுக் களியும் கடலை உருண்டையும் கொடுங்க, மற்றதெல்லாம் அப்புறம். தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடுவோம். கூட வருகிறவர்கள் இப்பவே பேர் கொடுங்க.