மயக்க மருந்தும் அனுமதிப்பத்திரமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் மூன்று பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மூவரும் இங்கே ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று அமெரிக்காவில் சத்திரசிகிச்சைக் கூடங்களில் வேலை செய்கிறோம். பேச அழைத்தபோது விடுதிக் கதைகளைச் சொல்லலாம் என்றுதான் இருந்தோம். ஆனால் வந்த நாள் தொடக்கம் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் தாய்மார் எங்களிடம் கேட்பது ஒன்றே: "டொக்டருக்குப் படிக்காமலே மயக்க மருந்து குடுக்கிற வேலை இருக்காமே, நல்ல சம்பளமாமே?" ஆகவே அதையே பேசுகிறோம்.

வேலை இருக்கிறது. சம்பளமும் உண்மை. அமெரிக்காவில் மயக்க மருந்துத் தாதி ஒருவரின் இடைநிலை வருட வருமானம் 200,000 டொலருக்கு மேல். ஆனால் அதற்கான அனுமதிப்பத்திரத்தின் கதையை ஒருவரும் சொல்வதில்லை.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் வைத்தியர். தாதி பக்கத்தில் நின்று உதவுவார். அமெரிக்காவிலோ நூறு வருடங்களுக்கு மேலாகத் தாதியரும் கொடுத்து வருகிறார்கள். மேயோ வைத்தியசாலைத் தாதி அலிஸ் மகோ, 14,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளில் மயக்க மருந்தினால் நேரடியாக ஒரு மரணமும் நிகழவில்லை என்று 1906இல் எழுதினார். வைத்தியர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அனுமதியின்றி வைத்தியம் செய்கிறார் என்று டக்மார் நெல்சன் என்ற தாதிமீது வழக்குப் போட்டார்கள். சத்திரசிகிச்சை வைத்தியரின் பணிப்பின் கீழ் செய்வதால் அது வைத்தியத் தொழில் ஆகாது என்று 1936இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தாதியருக்கு வெற்றிதான். ஆனால் அந்தக் "கீழ்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை இழுபறி.

2001இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதியோருக்கான மெடிகேயர் காப்புறுதி பணம் கொடுப்பதற்கு, தாதியை வைத்தியர் ஒருவர் மேற்பார்வை செய்யவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. விரும்பும் மாநிலத்தின் ஆளுநர் அதிலிருந்து விலகலாம் என்றது புதிய விதி. முதலில் விலகியது ஐயோவா. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. மயக்க மருந்து நிபுணர் எட்டிப்பார்க்காத கிராமத்து வைத்தியசாலைகள் பல தாதியரை நம்பியே நடக்கின்றன. நிபுணர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. மூச்சுப் பாதை அடைபடும் அந்த ஓரிரு நிமிடங்களில் மருத்துவக் கல்லூரிப் படிப்பு முழுவதும் தேவைப்படலாம் என்கிறார்கள். இரு பக்கமும் நோயாளியின் பாதுகாப்பைத்தான் பேசும். உள்ளே பணமும் அதிகாரமும் இருப்பது அங்கே வேலை செய்யும் எங்களுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர்: மயக்க மருந்து நிபுணரின் உதவியாளர். இவர் தாதி அல்லர். விஞ்ஞானப் பட்டத்தின் மேல் முதுமாணிப் படிப்பு முடித்து, நிபுணரின் கீழ் மட்டுமே வேலை செய்வார். நிபுணர்களின் சங்கம் இவரை ஆதரிக்கிறது, தாதியர் சங்கம் எதிர்க்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நெவாடா 2023இல்தான் அனுமதித்தது, வாஷிங்டன் மாநிலம் 2024இல். எம்மில் ஒருத்தியின் மகள் இந்தப் படிப்பைக் கடன் வாங்கிப் படித்தாள். கலியாணமாகிக் கணவனோடு கலிபோர்னியா போனாள். அங்கே அவளது தொழிலுக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. கையில் நல்ல பெறுபேறு, தலையில் கடன், வீட்டில் சமையல். ஒன்றரை வருடம் தாயும் மகளும் தொலைபேசியில் அழுதார்கள். இப்போது அவள் வேறு மாநிலத்தில் வேலை செய்கிறாள். கணவன் மாதம் இரண்டு முறை விமானம் ஏறுகிறார்.

லண்டனில் இருக்கும் பழைய மாணவிகளும் இதைக் கவனிக்கவேண்டும். அங்கே இத்தகைய உதவியாளர்களை 2,000 பேராக்கப் போவதாக 2023இல் அரசுத் திட்டம் சொன்னது. அதே வருடம் மயக்க மருந்து வைத்தியர்களின் றோயல் கல்லூரி உறுப்பினர்கள் புதிதாக ஆட்சேர்ப்பதை நிறுத்திவைக்கும்படி வாக்களித்தார்கள். 2024 டிசம்பரில் மருத்துவப் பேரவையில் பதிவு தொடங்கியது. 2025இல் வெளிவந்த அறிக்கை பெயரையே மாற்றச் சொன்னது. இரண்டே வருடத்தில் இவ்வளவும்!

தாதி வழியில் போகும் பிள்ளைக்கு அனுமதிப்பத்திரம் எல்லா மாநிலத்திலும் உண்டு. ஆனால் பாதை நீளம். இங்கே மூன்று வருட டிப்ளோமா முடித்தவர் அங்கே பட்டமும் எடுக்கவேண்டும், என்க்ளெக்ஸ் பரீட்சையில் தேறவேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வருடமாவது வேலை செய்யவேண்டும். அதன் பிறகு மூன்று வருடக் கலாநிதிப் படிப்பு. அந்த மூன்று வருடமும் சம்பளத்தை மறந்துவிடலாம். எங்களில் இருவர் நாற்பது வயதை நெருங்கும்போதுதான் முடித்தோம்.

பிற்பகல் தேநீருக்குப் பிறகு பழைய நூலகத்தில் இருப்போம். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்கப்போகிறார்கள் என்பதையும் வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.