பாட்டனார் விட்டுச்சென்ற கல்



தில்லியில் வாழும் நண்பர் ஒருவர் நம்மிடம் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். கோலார் தங்கவயலில் உழைத்த அவருடைய பாட்டனார் விட்டுச்சென்றது அது. கைப்பிடி அளவு, நடுவே ஒரு குழி, குழியில் பளிங்கு முனைகள், ஓரத்தில் மஞ்சள் துகள். “உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வேன் என்கிறார் வியாபாரி. உடைக்கலாமா?” என்று கேட்டார்.

வெளியே கரடாகவும் உள்ளே பளிங்காகவும் உள்ள உருண்டைக் கல்லை நிலநூலார் ‘ஜியோட்’ என்பர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு உறைந்தபோது ஏற்பட்ட காற்றறைகளில் அவை விளைந்தன. ஜல்கான், நாசிக், புனே வட்டாரங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. கோலார்ப் பாறையோ ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழமையுடையது. அங்கே தங்கம் குவார்ட்ஸ் நரம்புகளில் கிடைத்தது. நரம்பில் இடைவெளி எஞ்சினால் அதன் சுவர்களில் பளிங்கு வளரும். ஆகவே நண்பரின் கல் ஜியோட் அன்று, அதன் உறவினம்.

பளிங்கைச் சோதிப்பது எளிது. மறைவான ஓரத்தில் எஃகுக் கத்தியால் கீறுக. குவார்ட்ஸில் கீறல் விழாது, கால்சைட்டில் விழும். மஞ்சள் துகளை ஊசியால் அழுத்துக. பொன் பள்ளமாகும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நொறுங்கும். நண்பரின் துகள் நொறுங்கியது. அவர் முகம் வாடியது.

வாட வேண்டியதில்லை. சுரங்கம் மூடப்படும் காலத்தில் ஒரு டன் கல்லுக்கு ஏறத்தாழ 3 கிராம் தங்கமே கிடைத்தது. அந்தக் கணக்கில் அரைக் கிலோ கல்லில் ஒன்றரை மில்லிகிராம். அதற்காகவா உடைப்பது? பளிங்குக்கல்லின் மதிப்பு முறியாத முனைகளிலும், இயற்கையான நிறத்திலும், பிறந்த இடம் தெரிவதிலும் இருக்கிறது. உடைத்தால் முதலாவது போகும். எழுதிவைக்காவிட்டால் கடைசியும் போகும். சந்தையில் மிகப் பளிச்சென்ற நீலமும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் சாயமே என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. 3 கிலோமீட்டருக்கும் கீழே நம்மவர் இறங்கிய அந்த ஆழத்திலிருந்து இனி ஒரு கல் மேலே வரப்போவதில்லை. எனவே ஒரு துண்டுத் தாளில் சுரங்கத்தின் பெயரையும், உழைத்தவர் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் எழுதிக் கல்லோடு வைக்குமாறு நண்பரிடம் கூறினோம். வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார் அவர். தாளில் பாட்டனாரின் பெயரை எழுதியவள் அவருடைய மகள்; தமிழில் எழுதினாள்.