வீட்டைப் பேணினால்தான் காப்புறுதி



எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் தந்தை ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்தை விட்டு வந்து, வங்கிக் கடனில் தாமானில் ஒரு சிறு வீடு வாங்கியிருந்தார். அந்த வாரம் அடித்த புயற்காற்றில் ஓடுகள் பறந்து, சமையலறைச் சீலிங்கும் இடிந்து விழுந்துவிட்டது. காப்புறுதிப் பத்திரத்தை என் கையில் கொடுத்து, "வாத்தியாரே, வருசா வருசம் பணம் கட்டினேனே! பறந்த ஓட்டுக்கு மட்டும்தான் கொடுப்பார்களாம். உத்திரத்துக்கும் சீலிங்குக்கும் கிடையாதாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

அன்று எனக்கும் பதில் தெரியவில்லை. பத்திரத்தை வாங்கி வைத்து, இரவு அகராதியின் துணையோடு வரிவரியாகப் படித்தேன். மறுநாள் அவர் வீட்டிற்குச் சென்றேன். உத்திரத்தில் என் பேனாவை வைத்து அழுத்தினேன். வெந்த கிழங்கில் இறங்குவது போல் இறங்கியது. கறையான்! எஞ்சிய சீலிங்கில் பழைய மழைக்கறைகள் வளையம் வளையமாகத் தெரிந்தன. மதிப்பிட வந்த அதிகாரியிடம் அந்தக் கறைகளே சாட்சி சொல்லிவிட்டன.

நேயர்களே, காப்புறுதி திடீரென்று நேரும் இழப்பிற்கு உரியது. சிறுகச் சிறுக நேரும் அழிவிற்கு உரியதன்று. தேய்மானம், உளுத்தல், துருப்பிடித்தல், கறையான் அரிப்பு ஆகியவை பொதுவாக அதில் சேருவதில்லை. வீட்டுக்காரர் நியாயமான கவனத்தோடு வீட்டைப் பேண வேண்டும் என்பதும் பத்திரத்தில் ஒரு நிபந்தனை. ஆகவே, பணம் கட்டுவது பாதி. வீட்டைப் பேணுவது மறுபாதி.

முதலில் உங்களிடம் இருப்பது எந்தப் பத்திரம் என்று பாருங்கள். அடிப்படைத் தீக்காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றிற்கு மட்டுமே. புயல், வெள்ளம் போன்றவற்றை வீட்டுடைமையாளர் காப்புறுதி ஏற்கும். ஆனால், அது கட்டடத்திற்கு உரியது. மேசை, நாற்காலி, தொலைக்காட்சிப் பெட்டி முதலிய பொருள்களுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும்.

அடுத்து, ஆண்டு இறுதி மழைக்காலம் தொடங்குமுன் கூரையைப் பாருங்கள். நகர்ந்த ஓட்டைச் சரிசெய்யுங்கள். மழைநீர் வழியும் தகரக் கால்வாயில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள். சுவரோரம் மண்கோடு தெரிந்தால் கறையான் வந்துவிட்டது என்று பொருள், உடனே மருந்தடியுங்கள்.

மின்கம்பிகளை அக்கம்பக்கத்துப் பையனை வைத்து ஒட்டுப்போடாதீர்கள். பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். ஒரே பிளக்கில் நான்கைந்து சாதனங்களை மாட்டாதீர்கள். எரிவாயு ரப்பர்க் குழாயில் வெடிப்பு கண்டால் அன்றே மாற்றுங்கள். சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். நம்மில் பலர் பின்புறத்தில் பலகை அடித்துச் சமையற்கட்டை நீட்டிக் கொள்கிறோம். அதைக் காப்புறுதி நிறுவனத்திற்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். காப்புறுதித் தொகையையும் உயர்த்த வேண்டும். மீண்டும் கட்ட 200,000 ரிங்கிட் ஆகும் வீட்டிற்கு 100,000 ரிங்கிட்டுக்கு மட்டும் காப்புறுதி எடுத்தால், 40,000 ரிங்கிட் சேதத்திற்குப் பாதியாகிய 20,000 ரிங்கிட்டே கிடைக்கக்கூடும்.

வேலைக்காகச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ போய், வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. ஆளில்லாத நாள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுபோகும். பல பத்திரங்களில் அது 90 நாள். உங்கள் பத்திரத்தில் எத்தனை நாள் என்று பார்த்துக் கொள்ளுங்கள். போகுமுன் நிறுவனத்திற்குத் தெரிவித்து, எழுத்து மூலம் சம்மதம் பெறுங்கள்.

பழுது பார்த்த ரசீதுகளையும் வீட்டின் படங்களையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு ஒரு கேள்வி எழுந்தால், "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று உங்களுக்காகப் பேசுபவை அவைதாம்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் விளக்கிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, வாத்தியாரே" என்றார். கடன் வாங்கித்தான் அவர் உத்திரத்தை மாற்றினார். இப்போது ஆண்டுதோறும் தம் மகனை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தாமே கூரையைப் பார்க்கிறார்.

அவர் அன்று சொன்ன அந்தச் சொல்லுக்காகவே இன்று உங்களிடம் பேச வந்தேன். இந்த வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்திரத்தை ஒரு முறை படியுங்கள். பிறகு வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள்.